தொடையில் தங்கிவிட்ட துப்பாக்கி ரவைகளை எடுத்தே ஆக வேண்டுமா?

வாசகி எழுதியது:

"நாங்கள் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். பதினொரு வாரங்களுக்கு முன் என் தாய்மாமன் பரணில் கிடந்த நாட்டுத் துப்பாக்கியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து, ஐந்தாறு அடி தள்ளி நின்ற என் தம்பியின் வலது தொடையின் பின்பக்கம் பாய்ந்துவிட்டது. தம்பிக்கு வயது 19. காபித் தூளை அள்ளி வைத்து, தொடையின் மேலே கொடிக்கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். முதலில் போன தனியார் மருத்துவமனையில் போலீஸ் கேஸ் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அரசு மருத்துவமனையில் கயிற்றை அவிழ்க்கும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அங்கே மூன்று முறை அறுவை அரங்குக்கு எடுத்துப் போனார்கள். புண்ணைத் தைக்காமல் பல நாள் திறந்தே வைத்திருந்து, பிறகு தோல் ஒட்டினார்கள். எக்ஸ்ரேயில் இன்னும் ஒன்பது ரவைகள் தெரிகின்றன. ஒன்று முட்டியருகே இருக்கிறது. எடுக்கத் தேவையில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். ஈயம் விஷமாக இறங்கும் என்கிறார்கள் ஊரில். பணம் கட்டினால் ஒன்பதையும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். தம்பியால் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. நடந்தால் செருப்பு கழன்றுவிடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் கட்டிய கயிற்றால்தான் கால் இப்படி ஆனதா? மாமா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை."

அறுவை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பதிலை நீங்கள் படித்து முடிப்பதற்குள் யாராவது தேதி குறித்துவிடக்கூடும். உள்ளே இருக்கும் ரவைகள் எந்த உலோகத்தால் ஆனவை என்பது உறுதியாகும் வரை தம்பியை எம்.ஆர்.ஐ. அறைக்குள் அனுப்ப வேண்டாம். ஒன்பதையும் எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் எந்த நிலையிலும் போக வேண்டாம். ஒன்பதில் எட்டைப் பொறுத்தவரை உங்கள் மருத்துவர்கள் சொன்னதே சரி என்பது என் கருத்து. முட்டியருகே இருக்கும் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மலையோர மாவட்டங்களில் பணியாற்றிய காலத்தில் நான் பார்த்த துப்பாக்கிக் காயங்களில் பெரும்பாலானவை உங்கள் தம்பிக்கு நேர்ந்ததைப் போன்றவையே. சுட வேண்டும் என்று யாரும் நினைத்திராத நேரத்தில், வீட்டு ஆளே வீட்டு ஆளைச் சுட்டுவிட்ட காயங்கள் அவை. இந்தத் துப்பாக்கி உடலை என்ன செய்கிறது என்பது அதை எப்படி நிரப்புகிறார்கள் என்பதிலேயே இருக்கிறது. குழலின் வாய் வழியாக முதலில் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் தேங்காய் நாரையோ கந்தல் துணியையோ திணித்து, பிறகு ரவைகளைப் போட்டு, அவை கொட்டிவிடாதபடி மறுபடியும் நாரை வைத்துக் கம்பியால் இடிக்கிறார்கள். உள்ளே போன அத்தனையும் அதே வாய் வழியாகத்தான் வெளியே வரும். பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் நின்றவர் மீது ரவைகள் சிதறித் தனித்தனிப் புள்ளிகளாகப் பதியும். நாரும் துணியும் எடை குறைந்தவை என்பதால் வழியிலேயே விழுந்துவிடும். ஐந்தாறு அடி தூரத்தில் நின்றவருக்கோ ரவை, நார், எரியாத மருந்து, அவர் உடுத்தியிருந்த துணியின் கிழிசல் எல்லாம் ஒரே உருண்டையாகச் சதைக்குள் நுழைந்து, உள்ளே போன பிறகுதான் பிரியும். உங்கள் தம்பிக்குத் தோல் ஒட்ட வேண்டிவந்ததே அவருடைய காயம் இரண்டாவது வகை என்பதைச் சொல்லிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஒரு காயத்தை மூன்றாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தபோது, முதல் இரண்டு முறையும் கண்ணில் படாத ஒரு பொருள், தசைகளுக்கு இடையில் விரற்கடை நீளத்தில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது தேங்காய் நார் திரியாக வந்தது. அதன் நுனியில் கட்டம் போட்ட லுங்கித் துணி ஒரு நாணயம் அளவுக்குச் சுருண்டிருந்தது. நான்கு நாள்களாக அந்த நோயாளிக்குக் குறையாதிருந்த காய்ச்சல் மறுநாள் இறங்கத் தொடங்கியது. அதே தொடையில் ஆறேழு ரவைகள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நான் தேடவில்லை. தம்பியை ஏன் மூன்று முறை உள்ளே எடுத்துப் போனார்கள் என்பதற்கும், அத்தனை முறை போயும் ஏன் ரவைகளை விட்டுவைத்தார்கள் என்பதற்கும் இதுவே விடை. அவர்கள் தேடியது உலோகத்தை அல்ல. நாரையும் துணியையும் செத்துப்போன தசையையும்தான். காற்றுப்படாத ஆழத்தில், ரத்தம் ஓடாத தசையில்தான் ரணஜன்னிக் கிருமியும் தசையை அழுகவைக்கும் வாயுக் கிருமியும் பெருகும். வெடியின் சூட்டில் குண்டில் இருக்கும் கிருமிகள் வெந்துவிடும் என்று படித்தவர்கள்கூடச் சொல்வதுண்டு, அது உண்மையில்லை.

புண்ணைத் தைக்காமல் திறந்து வைத்திருந்ததை உங்கள் வீட்டில் அலட்சியம் என்று நினைத்திருக்கலாம். இத்தகைய காயத்தை அன்றே தைத்து மூடுவதுதான் அலட்சியம். இன்று உயிரோடு இருப்பதாகத் தெரியும் தசை நாளை மறுநாள் கறுத்துவிடக்கூடும். அதைப் பார்த்து வெட்டி எடுப்பதற்கு வாசல் திறந்திருக்க வேண்டும். ஐந்து நாளோ பத்து நாளோ கழித்து, புண் சிவந்து சுத்தமான பிறகு மூடுவதே முறை.

ஊரார் சொல்லும் விஷக் கணக்கும் புதிதல்ல. துப்பாக்கி வந்த காலத்தில், வெடிமருந்தே விஷம் என்றும் அது பட்ட புண்ணைக் கொதிக்கும் எண்ணெய் ஊற்றிச் சுட வேண்டும் என்றும் ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். 1537-இல் இத்தாலியின் தூரின் நகர முற்றுகையின்போது ஆம்ப்ரோய்ஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரிடம் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துப் பூசிவிட்டு, விஷம் ஏறி இவர்களெல்லாம் செத்துவிடுவார்களோ என்று இரவெல்லாம் கலங்கியவர், விடியும் முன்பே எழுந்து போய்ப் பார்த்தார். குழம்பு பூசப்பட்டவர்கள் தூங்கி எழுந்திருந்தார்கள். எண்ணெயில் சுடப்பட்டவர்கள் காய்ச்சலோடும் வீக்கத்தோடும் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

குண்டைத் தேடி எடுப்பதே வைத்தியம் என்ற எண்ணம் அதற்குப் பிறகும் நெடுநாள் நீடித்தது. 1881 ஜூலை 2 அன்று சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்பீல்டின் காயத்துக்குள் ஒருவர் மாற்றி ஒருவராக மருத்துவர்கள் கழுவாத விரலை விட்டுத் துழாவினார்கள். அலெக்சாண்டர் கிரகாம் பெல் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்து பார்த்தார், அதிலும் அகப்படவில்லை. சீழ் பிடித்து உருக்குலைந்து 79 நாள் கழித்து கார்பீல்ட் இறந்த பின் உடலைத் திறந்தபோது, கணையத்தின் அருகே ஒரு திசுவுறைக்குள் அந்தக் குண்டு எவருக்கும் தொல்லை தராமல் இருந்தது. அதே நாட்டின் முன்னாள் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு 1912-இல் மார்பில் குண்டு பாய்ந்தபோது மருத்துவர்கள் அதை எடுக்காமல் விட்டுவிட முடிவு செய்தார்கள். 1919-இல் இறக்கும் வரை அவர் அதைச் சுமந்துகொண்டே வாழ்ந்தார்.

குண்டின் வேலை அது நின்ற கணத்தில் முடிந்துவிடுகிறது. அது வந்த வழியில் எதைக் கிழித்தது, எதை நசுக்கியது, எதை உடன் கொண்டுவந்தது என்பவைதான் நோயாளியின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் அதனிடம் இருக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். நாட்டுத் துப்பாக்கியின் ரவை, மருந்தின் அளவைப் பொறுத்து, நொடிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, உருண்டை வடிவத்தால் காற்றில் விரைவாக வேகத்தை இழந்துவிடும். ராணுவத் துப்பாக்கியின் குண்டோ நொடிக்கு 700 முதல் 900 மீட்டர் வேகத்தில் கிளம்பி வெகு தூரம் சென்ற பிறகும் கொல்லும் ஆற்றலோடு இருக்கும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி பயிற்சித் தளத்திலிருந்து தவறிப் பறந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்ததையும், நான்கு நாள் கழித்து அவன் இறந்ததையும் நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். வேகமான குண்டு தான் போகும் துளையை மட்டும் ஏற்படுத்துவதில்லை. அதைச் சுற்றியுள்ள திசுவை ஒரு கணம் பலூனைப் போல விரித்துவிட்டுச் செல்கிறது. நுரையீரலும் தசையும் நெகிழ்வானவை என்பதால் அந்த விரிவை ஓரளவு தாங்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும். கல்லீரல், மண்ணீரல், மூளை போன்றவற்றுக்கு அந்த நெகிழ்வு இல்லாததால் அவை பிளந்துவிடும். எலும்பில் பட்டால் எலும்புத் துண்டுகளே புதுக் குண்டுகளாகச் சிதறும். தொடை எலும்பு முறியவில்லை என்பதும், தொடையின் பெரிய தமனி தப்பியது என்பதும் உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமலே தெரிகின்றன. ஏனென்றால் இரண்டில் ஒன்று போயிருந்தாலும் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனி ரவைகள். தசைக்குள் நின்றுவிட்ட ரவையைச் சுற்றி உடல் சில வாரங்களில் நாரிழைகளால் ஓர் உறையைக் கட்டிவிடுகிறது. அந்த உறைக்குள் ஈயம் கரைவது மிகமிகச் சொற்பம். அதை எடுக்கப் போனால், ஒரு கடுகைத் தேடி நல்ல தசையையும் நரம்பையும் கீற வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஒருமுறை கிழிந்து, வடுவாகி, எது நரம்பு எது வடு என்று பிரித்தறிய முடியாதபடி ஒட்டிக்கிடக்கும் தொடையில் அந்த வேலை, செய்தவருக்குப் பணத்தையும் தம்பிக்கு இன்னொரு ஊனத்தையும்தான் தரும். தோலுக்கு அடியிலேயே தட்டுப்பட்டு உட்காரும்போது உறுத்தும் ரவை, சீழ் கட்டிய ரவை, நரம்பை அழுத்தி ஓயாத வலி தரும் ரவை, ரத்தக் குழாய்க்குள்ளோ கண்ணிலோ தண்டுவடக் குழிக்குள்ளோ இருக்கும் ரவை ஆகியவற்றைத்தான் எடுக்கிறோம்.

இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு. அதுதான் உங்கள் ஒன்பதாவது ரவை பற்றிய என் சந்தேகம். மூட்டுக்குள் இருக்கும் ஈயத்தைச் சுற்றி உறை உருவாவதில்லை. மூட்டில் எப்போதும் ஊறியிருக்கும் வழவழப்பான நீர் ஈயத்தைக் கரைக்கும்; நடக்கும்போதெல்லாம் மூட்டு அதை அரைக்கும்; கரைந்த ஈயம் ரத்தத்தில் சேரும்; குருத்தெலும்பும் தேய்ந்து முட்டி வாதம் வரும். ஊரார் சொல்லும் விஷம் பெரும்பாலும் உண்மையாகிற இடம் இதுதான். ஆகவே அந்த ரவை முட்டிக்குள் இருக்கிறதா, முட்டிக்கு வெளியே தசையில் இருக்கிறதா என்பது தெரிந்தாக வேண்டும். நேராக எடுத்த ஒரே ஒரு எக்ஸ்ரேயை வைத்து இதைச் சொல்ல முடியாது. பின்பக்கத்தில் இருப்பதும் முன்பக்கத்தில் இருப்பதும் அதில் ஒரே இடத்தில்தான் தெரியும். பக்கவாட்டிலும் ஒரு படம் எடுக்க வேண்டும். அப்போதும் தெளியாவிட்டால் முட்டிக்கு மட்டும் சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். சி.டி.யில் காந்தம் இல்லை என்பதால் அதற்குத் தயங்க வேண்டாம். உள்ளே இருப்பது உறுதியானால், அந்த ஒன்றை மட்டும் எலும்பு அறுவை மருத்துவர் பெரும்பாலும் சிறு துளை வழியாகவே எடுத்துவிடுவார்.

மற்ற எட்டுக்காக ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் சோதனையை ஒருமுறை இப்போதும், சில மாதம் கழித்து இன்னொரு முறையும் செய்துகொள்வது நல்லது. பெரிய நகரங்களில் உள்ள ஆய்வகங்களில் அது கிடைக்கிறது. காரணம் தெரியாத வயிற்று வலி, மலச்சிக்கல், தலைவலி, அசதி, ரத்தச் சோகை ஆகியவை எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும், "என் தொடையில் ரவை இருக்கிறது" என்பதை மருத்துவரிடம் தம்பி தானாகச் சொல்ல வேண்டும். அவராகக் கேட்க மாட்டார். கேட்க அவருக்குத் தோன்றாது.

எம்.ஆர்.ஐ. பற்றி. மலையில் துப்பாக்கிக்குள் போடுவது எப்போதும் ஈயமாக இருப்பதில்லை. சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகளைப் போடுவதும் வழக்கம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஈயத்தைக் காந்தம் இழுக்காது. பால்ரஸ் எஃகு, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் அதை இழுக்கும், திருப்பும். அது நரம்புக்கோ தமனிக்கோ பக்கத்தில் இருந்தால் அங்கே புதிதாக ஒரு காயம் ஏற்படலாம். படமும் கலங்கிப்போய்ப் பயன்படாமல் போகும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தாலும் வடிவத்தில் ஒரு துப்பு உண்டு. ஈயம் மென்மையானது என்பதால் குழலுக்குள் இடிபட்டும் எலும்பில் மோதியும் சப்பையாகும், நசுங்கும், சில நேரம் சுண்ணாம்பைத் தீற்றியதைப் போலத் துகள்களாகச் சிதறும். எஃகு அப்படியே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துப் பாருங்கள்: ஒன்பதும் காம்பஸ் வைத்து வரைந்ததைப் போலச் சம அளவில் உருண்டையாக இருந்தால் எஃகு என்றே கருதி எம்.ஆர்.ஐ.யைத் தவிர்க்க வேண்டும். நசுங்கியும் கோணலாகவும் இருந்தால் ஈயமாக இருக்கலாம். எனினும் கதிரியக்க மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். கலந்து போடுவோரும் உண்டு என்பதால் ஒன்றை வைத்து எட்டை முடிவு செய்யக் கூடாது.

உண்மையில் தம்பிக்கு இப்போது எம்.ஆர்.ஐ.யைவிடப் பயனுள்ள சோதனை, நரம்பில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையும் அதோடு சேர்ந்து செய்யப்படும் தசைச் சோதனையும்தான். தொடையின் பின்பக்கத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பின் வெளிப்பக்க இழைகளே பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குப் போகின்றன. அடிபட்டால் முதலில் செயலிழப்பவையும் அவையே. துப்பாக்கிக் காயத்தில் நரம்பு பல நேரம் அறுபடுவதில்லை. பக்கத்தில் பாய்ந்த அதிர்ச்சியில் அது மரத்துப்போகிறது, அல்லது மேலுறை அப்படியே இருக்க உள்ளிழைகள் மட்டும் அறுகின்றன. முதல் வகை சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதங்களுக்குள் திரும்பிவிடும். இரண்டாவது வகையில் இழைகள் அடிபட்ட இடத்திலிருந்து மறுபடி வளர வேண்டும். அவை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். நடுத்தொடையிலிருந்து முட்டிக்குக் கீழே உள்ள அந்தத் தசைகளுக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், எட்டு முதல் பத்து மாதம் ஆகும். பதினொரு வாரத்தில் பாதம் தூக்கவில்லை என்பதற்காக நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று நான் சொல்வது ஆறுதலுக்காக அல்ல, இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் சும்மா காத்திருக்கவும் கூடாது. நரம்பு வந்து சேராத தசை ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் மீட்க முடியாதபடி சுருங்கிவிடும் என்பதால், அறுந்த நரம்பாக இருந்தால் அதைச் சேர்த்துத் தைக்கும் முடிவை ஏறக்குறைய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். நீங்கள் அந்தக் காலத்தின் வாசலில் நிற்கிறீர்கள். வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம்: தொடையின் பின்பக்கத் தழும்பிலிருந்து முட்டியின் வெளிப்பக்கம் நோக்கி விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் தட்டும்போது பாதத்தின் மேல்பக்கம் ஷாக் அடித்ததைப் போல விர்ரென்று இருக்கும். அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, தழும்பிலிருந்து எத்தனை விரற்கடை என்று எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த இடம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தால் இழைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அசையாமல் தழும்பிலேயே நின்றால், மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பிரிவுக்கோ பிளாஸ்டிக் சர்ஜரி எனப்படும் ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவுக்கோ தாமதிக்காமல் போக வேண்டும்.

அதுவரை பாதம் தொங்கிக்கொண்டே இருந்தால் குதிகாலின் தசைநாண் சுருங்கி, நரம்பு மீண்ட பிறகும் பாதம் நிமிராது. பாதத்தை நேராகத் தாங்கும் பிளாஸ்டிக் கால் தாங்கி எலும்பு முறிவுப் பிரிவில் கிடைக்கும்; அதைப் பகலில் அணிய வேண்டும். துண்டைப் பாதத்தில் மாட்டி இரு கைகளாலும் தன்னை நோக்கி இழுக்கும் பயிற்சியைத் தம்பி நாளுக்கு நான்கைந்து முறை செய்ய வேண்டும். மலையிலிருந்து அடிக்கடி இறங்கி வர முடியாவிட்டால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மரத்துப்போன பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது என்பதால், இரவு படுக்கும் முன் அதன் அடிப்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் யாராவது பார்த்துவிட வேண்டும். தொடையில் துடிக்கும் வீக்கம் ஏதும் தென்பட்டாலோ, கை வைத்தால் வண்டு ரீங்கரிப்பதைப் போல அதிர்ந்தாலோ, பாதம் மற்றதைவிடச் சில்லிட்டிருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அன்று தப்பிய தமனி மெல்லப் பலவீனமாகிப் புடைப்பதன் அறிகுறிகள் அவை.

கயிற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெல்லிய கயிறு நரம்பை நசுக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் அவிழ்க்கப்பட்ட கட்டால் வரும் மரப்பு பெரும்பாலும் சில வாரங்களில் மாறிவிடும். மூன்றாம் மாதத்திலும் நீடிக்கும் இந்தப் பலவீனத்துக்கு, ரவைகள் போன பாதையே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். 55 கிலோ எடையுள்ள ஓர் இளைஞனின் உடலில் ஓடுவது ஏறக்குறைய நான்கு லிட்டர் ரத்தம். அதில் ஒன்றரை லிட்டர் போனால் உயிர் ஊசலாடும், தொடை அதை நிமிடங்களில் கொட்டிவிடும். நீங்கள் கட்டியது குறையுள்ள கட்டுதான், ஆனாலும் கட்டியது நல்லது. மெல்லிய கயிறு சில நேரம் உள்ளே வரும் ரத்தத்தை நிறுத்தாமல் திரும்பிப் போகும் ரத்தத்தை மட்டும் நிறுத்தி, ரத்தப்போக்கைக் கூட்டிவிடும் என்பதால், நான்கு விரல் அகலத் துணியைக் காயத்துக்கு மேலே, மூட்டின் மீது படாதபடி சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ எழுதிவிட வேண்டும். அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது, சுத்தமான துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே 108-ஐ அழைப்பது. காபித் தூளுக்கு ரத்தத்தை நிறுத்தும் சக்தி எதுவும் இல்லை; மருத்துவர் கழுவி எடுக்க வேண்டிய குப்பையில் அதுவும் சேர்ந்தது, அவ்வளவுதான்.

போலீஸ் கேஸ் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. துப்பாக்கிக் காயத்தைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. அதைக் காரணம் காட்டி முதலுதவியைத் தள்ளிப்போட எந்த மருத்துவருக்கும், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும், உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கடாரா வழக்கில் 1989-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாமாவின் மீது வழக்கு இருந்தால், அதில் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் உதவி கிடைக்கும். உறவினர் வீடுகளில் உரிமம் இல்லாத துப்பாக்கி இன்னும் பரணில் இருந்தால், காட்டுப்பன்றி பயிரில் இறங்கும் காலம் என்று காரணம் சொல்லாமல் அதை ஒப்படைக்கச் சொல்லுங்கள். மலைக் கிராமங்களில் காவல் துறை அவ்வப்போது ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பது வழக்கம்; வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு போகலாம். அந்தத் துப்பாக்கியைத் திறந்து பார்த்து, நிரப்பியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. சென்ற அறுவடைக்கு நிரப்பியது அப்படியே உள்ளே இருக்கும். மருந்தை வெடிக்கவைக்கும் அதன் சுத்தியலுக்குத் தடுப்பும் கிடையாது, தரையில் இடித்தாலே விழும்.

கடைசியாக உங்கள் மாமா. அடிபட்டவருக்குப் படுக்கை கொடுக்கும் நாங்கள், சுட்டுவிட்டவரை வராந்தாவில் நிற்க விட்டுவிடுகிறோம். பதினொரு வாரமாக உண்ணாமலும் பேசாமலும் ஒருவர் இருப்பதைச் சோகம் என்று மட்டும் எண்ணி விட்டுவிடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரையும் அழைத்துப் போங்கள். அவரைத் தனியே விட வேண்டாம். சாவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அன்றே அழைத்துப் போங்கள். அதோடு, அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. மேலே நான் எக்ஸ்ரேயை வைத்து ஊகித்துச் சொன்னதையெல்லாம் ஊகிக்காமலே சொல்லக்கூடியவர் உங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். அந்தக் குழலில் அவர் போட்டது காரீயமா, பால்ரஸா, இரண்டும் கலந்தா, ஏறக்குறைய எத்தனை, எதை வைத்து அடைத்தார் என்று கேளுங்கள். குற்றம் சுமத்தும் தொனி இல்லாமல், தம்பிக்கு எந்த ஸ்கேன் எடுக்கலாம் என்று முடிவு செய்ய மருத்துவர் கேட்கிறார் என்று சொல்லியே கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, எக்ஸ்ரே உறைக்குள் படத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்; அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த உறையை எடுத்துக்கொண்டு மாமாவும் கூட வரட்டும்.